மூன்று டாலர் வாசல்: இணையச் சிற்றிதழ்களின் சண்டைகள் எங்கிருந்து வருகின்றன?

2024 மார்ச் மாதம் கெர்னிகா என்ற அமெரிக்க இணைய இதழில் ஜோவன்னா சென் எழுதிய கட்டுரை ஒன்று வந்தது. அவர் இஸ்ரேலில் வாழும் மொழிபெயர்ப்பாளர். நோயுற்ற பாலஸ்தீனக் குழந்தைகளை இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்குத் தன் காரில் கூட்டிச்செல்லும் தொண்டர். ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய 2023 அக்டோபர் 7-க்குப் பிறகு அந்தப் பணியைத் தொடர்வதில் தனக்கு ஏற்பட்ட தடுமாற்றத்தைத்தான் கட்டுரையில் எழுதியிருந்தார். காஸாவில் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போது இப்படியொரு கட்டுரை ஸியோனிசத்துக்கு, அதாவது யூத தேசியவாதத்துக்கு, வக்காலத்து வாங்குவதாகும் என்று இதழின் உள்ளிருந்தே குரல் எழுந்தது. ஆசிரியர் குழுவில் பத்துப் பேருக்கு மேல் விலகினார்கள். கட்டுரை தளத்திலிருந்து எடுக்கப்பட்டது. அது இருந்த இடத்தில், வெளியிட்டதற்கு வருந்துகிறோம், விளக்கம் பின்னர் வரும் என்று ஓரிரு வரி மட்டும் நின்றது. சில நாட்களில் வாஷிங்டன் மந்த்லி என்ற அரசியல் இதழ் அதே கட்டுரையை எடுத்து மறுபிரசுரம் செய்தது. ஏப்ரலில், நீக்கியது தவறு என்று கருதிய தலைமை ஆசிரியர் ஜீனா மூர் பதவி விலகினார்.

இதைக் கருத்துச் சுதந்திரத்துக்கும் அரசியல் அறத்துக்கும் நடந்த மோதலாகப் பலர் எழுதிவிட்டார்கள். அது உண்மைதான். ஆனால் கெர்னிகாவில் வேலை செய்த ஏறக்குறைய எல்லோருமே சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள் என்ற செய்தியை அந்த விவாதங்கள் சட்டென்று கடந்து போய்விட்டன. விலகியவர்களுக்கு மாத வருமானம் ஏதும் போகவில்லை. அவர்களிடம் இருந்தது பெயர் மட்டும்தான். அந்தப் பெயரை இதழோடு சேர்த்து வைத்திருப்பதா, பிரித்துக்கொள்வதா என்பது மட்டும்தான் அவர்கள் கையில் இருந்த ஆயுதம். ஆங்கில இணையச் சிற்றிதழ் உலகத்தின் சச்சரவுகளை எந்த முனையிலிருந்து பிடித்து இழுத்தாலும் இங்கேதான் வந்து சேர வேண்டியிருக்கிறது. காசு புழங்காத இடத்தில் பெயர்தான் நாணயம். அதை யார் அச்சடிப்பது, யார் செல்லாது என்று அறிவிப்பது என்பதுதான் சண்டை.

இந்த உலகத்தின் பொருளாதாரத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். அமெரிக்காவில் கவிதை, சிறுகதை வெளியிடும் சிறு இதழ்களில் பெரும்பாலானவற்றின் வாசகர்கள் யார் என்று கேட்டால், அதே இதழுக்குப் படைப்பு அனுப்பக் காத்திருப்பவர்கள் என்பதுதான் பதில். அனுப்புவதற்கு முன்பு எங்கள் பழைய இதழ்களைப் படியுங்கள் என்று விதிமுறைப் பக்கத்தில் ஆசிரியர்கள் கெஞ்சாத குறை. அச்சில் இருந்த காலத்தில் அனுப்புவதே ஒரு வேலை: தட்டச்சு, உறை, திருப்பி அனுப்புவதற்கான தபால்தலை ஒட்டிய இன்னோர் உறை. 2010-ல் மொன்டானா மாநிலத்தின் மிசௌலா நகரில் தொடங்கிய சப்மிட்டபிள் போன்ற மென்பொருள்கள் வந்தபின் ஒரே கதையை ஒரே மாலையில் இருபது இதழ்களுக்கு அனுப்ப முடிந்தது. ஆசிரியர் மேசையில் குவியல் மலையானது. அதைச் சமாளிக்கவும் மென்பொருளுக்குக் கட்டணம் கட்டவும் பல இதழ்கள் ஒவ்வொரு படைப்புக்கும் மூன்று டாலர் வாங்கத் தொடங்கின. தபால் செலவுக்குப் பதில்தானே என்றார்கள். தபால் செலவு தபால்துறைக்குப் போனது, இது உங்களுக்கு வருகிறதே என்று எழுதுகிறவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

மூன்று டாலர் பெரிய தொகையல்ல. ஆனால் நூறு படைப்பில் ஒன்றோ இரண்டோதான் தேறும் இதழ்கள் ஏராளம். பல இதழ்கள் தேர்வானவருக்கு ஒரு டாலர்கூடத் தருவதில்லை. நிராகரிக்கப்படும் தொண்ணூற்றெட்டுப் பேர் சேர்ந்து, வெளியாகும் இரண்டு பேரின் பக்கத்துக்குச் செலவு செய்கிறார்கள் என்று சொன்னால் மிகையில்லை. இதிலிருந்து இரண்டு மனநிலைகள் பிறக்கின்றன. எழுதுகிறவருக்குத் தானும் இதழின் பங்குதாரர் என்ற எண்ணம் வருகிறது: கட்டணம் கட்டியிருக்கிறேன், நேரம் கொடுத்திருக்கிறேன், என் பெயரும் உங்கள் பக்கத்தில் இருக்கிறது, ஆகவே நீங்கள் வேறு யாரை வெளியிடுகிறீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. ஆசிரியருக்கோ, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கைக்காசைப் போட்டு நடத்துகிறேன், என்னிடம் கணக்குக் கேட்க இவர்கள் யார் என்ற எரிச்சல். இரண்டுமே நியாயம்தான் என்பதால் சமரசத்துக்கு இடமே இருப்பதில்லை.

இந்த எரிச்சலின் முதல் பெரிய இணைய வெடிப்பு 2004-ல் நடந்தது. ஃபோயட்ரி டாட் காம் என்ற தளம் யார் நடத்துகிறார்கள் என்று தெரியாமல் தோன்றியது. கவிதைத் தொகுப்புப் போட்டிகளை அது குறிவைத்தது. அமெரிக்காவில் புதிய கவிஞரின் முதல் தொகுப்பு பெரும்பாலும் போட்டி வழியாகத்தான் வரும். ஆளுக்கு இருபது, இருபத்தைந்து டாலர் கட்டி நூற்றுக்கணக்கானோர் கையெழுத்துப் பிரதி அனுப்புவார்கள். ஒருவரின் புத்தகம் வரும். நடுவர் யார், வென்றவர் அவருக்கு மாணவரா, நண்பரா, உறவா என்று ஃபோயட்ரி பட்டியல் போட்டது. அதிகம் பேசப்பட்டது 1999-ம் ஆண்டின் ஜார்ஜியா பல்கலைக்கழகப் பதிப்பகத் தேர்வு. நடுவர் புலிட்சர் பரிசு பெற்ற ஜோரி கிரஹாம். வென்றவர் பீட்டர் சாக்ஸ். இருவரும் பின்னர் திருமணம் செய்துகொண்டார்கள். நடுவருக்கு நெருக்கமானவர்கள் போட்டியிடக் கூடாது என்று பிறகு பல போட்டிகள் சேர்த்துக்கொண்ட விதிக்கு ‘ஜோரி கிரஹாம் விதி’ என்றே பேச்சுவழக்கில் பெயர் ஒட்டிக்கொண்டது. சிற்றிதழ்கள், சிறு பதிப்பகங்களின் கூட்டமைப்பு போட்டிகளுக்கென்று ஒரு நெறிமுறையை வெளியிட்டது.

2005-ல் தளத்தை நடத்தியவர் வெளிச்சத்துக்கு வந்தார்: ஆலன் கார்டில், போர்ட்லண்டில் நூலகர். 2007-ல் தளத்தை மூடினார். அவர் நடத்திய முறையில் பழிவாங்கும் தொனி இருந்தது. நட்புக்கும் ஊழலுக்கும் வித்தியாசம் பார்க்காமல் சேற்றை வீசினார். ஆனாலும் அவர் கேட்ட அடிப்படைக் கேள்வியை இன்றுவரை யாராலும் தட்ட முடியவில்லை. கவிதை உலகம் மிகச் சிறியது. எல்லோரும் எல்லோருக்கும் ஏதோவொரு பயிலரங்கில் ஆசிரியராகவோ மாணவராகவோ இருந்திருப்பார்கள். அந்தச் சிறிய வட்டத்தைத் தாங்குவது வெளியே நிற்பவர்களின் கட்டணம் என்றால், உள்ளே நடப்பதை அவர்கள் எட்டிப் பார்க்கத்தான் செய்வார்கள்.

பெயரே நாணயம் என்றால் கள்ள நாணயமும் வரும். இதில் இரண்டு வகை.

முதல் வகைக்கு 2015-ல் நடந்தது உதாரணம். அவ்வாண்டின் சிறந்த அமெரிக்கக் கவிதைகள் தொகுப்பில் யி-ஃபென் சோ என்ற பெயரில் ஒரு கவிதை தேர்வானது. பின்குறிப்பில் எழுதியவரே உண்மையைச் சொன்னார்: தன் பெயர் மைக்கேல் டெரிக் ஹட்சன், இண்டியானாவைச் சேர்ந்த வெள்ளையர். சொந்தப் பெயரில் அந்தக் கவிதை 40 முறை திரும்பி வந்ததாகவும், சீனப் பெயரில் 9 முறை திரும்பிய பிறகு பிரெய்ரி ஸ்கூனர் இதழில் வெளியானதாகவும் கணக்கே வைத்திருந்தார். தொகுப்பாசிரியர் ஷெர்மன் அலெக்ஸி, பெயரைப் பார்த்து அந்தக் கவிதைமீது கூடுதல் கவனம் செலுத்தினேன் என்று ஒப்புக்கொண்டார். இருந்தும் அதை நீக்கவில்லை, நீக்கினால் முழு உண்மையையும் மறைத்ததாகிவிடும் என்றார். ஆசிய அமெரிக்கக் கவிஞர்களின் கோபத்துக்குக் காரணம் வெறும் பொய்ப் பெயர் அல்ல. தலைமுறை தலைமுறையாக அந்த மாதிரிப் பெயர்களால் மூடப்பட்ட கதவுகள், ஒரு வெள்ளையர் அந்தப் பெயரை மாட்டிக்கொண்டதும் திறக்கின்றன என்றால் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியாது. ஹட்சன் தரப்பின் வாதமும் 40, 9 என்ற அந்தக் கணக்கிலேயே இருந்தது. ஆனால் 49 நிராகரிப்புகளை வைத்துத் தேர்வு முறை பற்றி எதையாவது நிரூபிக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். பத்தாவது முயற்சியில் கவிதை வெளியாவது இந்த உலகத்தில் அன்றாடம் நடப்பது. அந்தப் பத்தாவது ஆசிரியருக்கு அது பிடித்திருந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லாமலும் இருக்கலாம்.

இரண்டாவது வகை திருட்டு. கவிதைத் திருட்டில் லாபம் என்ன என்று வெளியாருக்குப் புரியவே புரியாது. பெயர் கிடைக்கிறது, வேறென்ன. இங்கிலாந்தில் 2013 தொடக்கத்தில், ஹெலன் மோர்ட் என்ற கவிஞரின் கவிதையை வரி மாறாமல், ஊர்ப்பெயர் போன்ற சில சொற்களை மட்டும் மாற்றி ஒருவர் எக்ஸ்மூர் பகுதிப் போட்டியில் பரிசு வாங்கியிருந்தது வெளிவந்தது. அதன்பின் இதைக் கண்டுபிடிப்பதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டார் ஐரா லைட்மன் என்ற கவிஞர். 2017-ல் அவர் காட்டியது பெரிய மீன்: 2009 முதல் 2011 வரை கனடா நாடாளுமன்றத்தின் அரசவைக் கவிஞராக இருந்த பியர் தெருயிசோவின் தொகுப்பு ஒன்றில், அமெரிக்கக் கவிஞர் மாயா ஏஞ்சலூ, ராப் பாடகர் டூபாக் ஷகூர் போன்றோரின் வரிகள் பிரெஞ்சில் உட்கார்ந்திருந்தன. தெருயிசோ அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டிருந்தார். இணையம் திருட்டை எளிதாக்கியது என்று வழக்கமாகச் சொல்வார்கள். அதைக் கண்டுபிடிப்பதை இன்னும் எளிதாக்கியது என்பதுதான் சரி. ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் போதும். முன்பெல்லாம் திருடன் எந்தச் சிற்றிதழைப் படித்தானோ அதையே நீங்களும் படித்திருக்க வேண்டும்.

திருட்டா, கலையா என்று தீர்க்க முடியாத இடமும் உண்டு. 2021 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் வார இதழில் வந்த நீண்ட கட்டுரை மாதக்கணக்கில் எழுத்தாளர்களைத் தூங்கவிடவில்லை. எழுத்தாளர் டான் டார்லண்ட் முன்பின் தெரியாத ஒருவருக்குச் சிறுநீரகம் கொடுத்தவர். அந்தத் தானத்தின் பயனாகச் சிறுநீரகம் பெற்றவருக்கு எழுதிய கடிதத்தை ஃபேஸ்புக்கில் ஒரு தனிக் குழுவில் போட்டார். அந்தக் குழுவில் இருந்த எழுத்தாளர் சோன்யா லார்சன், சிறுநீரகம் கொடுத்துவிட்டுப் புகழ்ச்சிக்கு ஏங்கும் ஒரு பெண்ணைப் பற்றிக் கதை எழுதினார். கதையின் தொடக்க வடிவம் ஒன்றில் அந்தக் கடிதத்தின் வாசகங்களே இருந்தன. 2018-ல் பாஸ்டன் புத்தகத் திருவிழா நகரம் முழுக்க வாசிக்க அந்தக் கதையைத் தேர்ந்தெடுத்து, பிறகு பின்வாங்கியது. வழக்கு தொடங்கியது. நீதிமன்ற ஆவணங்களோடு, தோழிகள் தங்களுக்குள் டார்லண்டைக் கேலி செய்த தனிச்செய்திகளும் வெளியே வந்தன. வாசகர்களைப் பிடித்து உலுக்கியது இந்தக் கடைசிப் பகுதிதான். காப்புரிமை பற்றி யாருக்கும் அவ்வளவு கவலை இல்லை; நம்மைப் பற்றி நம் எழுத்து நண்பர்கள் குழுவில் என்ன பேசுகிறார்கள் என்ற திகில்தான் எல்லோருக்கும். கடிதத்தைப் பயன்படுத்தியது சட்டப்படி நியாயமான பயன்பாடு என்று 2023-ல் நீதிபதி தீர்ப்பளித்தபோது, அதைப் பேச யாரும் மிச்சமில்லை.

இனி நீக்கும் பழக்கத்துக்கு வருகிறேன். அச்சு இதழில் ஒரு கவிதை வந்துவிட்டால் வந்ததுதான். அடுத்த இதழில் மறுப்பு போடலாம், வாசகர் கடிதம் போடலாம். வெளியானதைத் திரும்பப் பெற முடியாது. இணைய இதழில் ஒரு சொடுக்கு போதும். கையில் இருக்கும் வசதியைப் பயன்படுத்தத் தோன்றுவது இயல்பு. 2018 ஜூலையில் தி நேஷன் இதழில் ஆண்டர்ஸ் கார்ல்சன்-வீயின் பதினான்கு வரிக் கவிதை ஒன்று வந்தது. வீடற்ற ஒருவர் பிச்சை எடுப்பதற்கு யோசனை சொல்லும் குரலில் அமைந்த கவிதை அது. வெள்ளையரான கவிஞர் கறுப்பினத்தவரின் பேச்சுவழக்கைக் கையாண்டதும், உடல் ஊனத்தைக் குறிக்கும் ஒரு சொல்லும் ட்விட்டரில் கண்டனத்துக்கு ஆளாயின. கவிதை ஆசிரியர்கள் இருவரும் மன்னிப்புக் கேட்டார்கள், கவிஞரும் கேட்டார். ஆனால் கவிதை அங்கேயே இருந்தது. மன்னிப்பு அதன் தலைமாட்டில் ஒட்டப்பட்டது. அதே இதழில் பல்லாண்டுகள் கவிதை ஆசிரியராக இருந்த கிரேஸ் ஷுல்மன், இதழ் கவிஞரைக் கைவிட்டுவிட்டது என்று நியூயார்க் டைம்ஸில் எழுதினார். மன்னிப்பு தேவையா என்பதில் எனக்கும் ஷுல்மன் பக்கம் சாயத் தோன்றுகிறது. ஆனாலும் கெர்னிகா செய்ததோடு ஒப்பிட்டால் நேஷன் செய்தது எவ்வளவோ மேல். கவிதையும் இருக்கிறது, சண்டையும் இருக்கிறது, படித்துவிட்டு யாரும் தாமாக முடிவுக்கு வரலாம். நீக்கிவிட்டால், படிக்காதவர்கள் படிக்காதவர்களோடு மோதும் சண்டை மட்டுமே மிஞ்சும்.

இதில் மிக வேதனையானது 2020 ஜனவரியில் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற அறிவியல் புனைகதை இதழில் நடந்தது. இசபெல் ஃபால் என்ற பெயரில் ஒரு கதை வந்தது. திருநர்களைக் கேலி செய்ய இணையத்தில் சுற்றிவந்த ஒரு வசையையே தலைப்பாக எடுத்து, அதைத் தலைகீழாகப் புரட்டி, பாலின அடையாளத்தை ராணுவம் எப்படிக் கருவியாக்கும் என்று எழுதப்பட்ட கதை. எழுதியவரைப் பற்றிய குறிப்பில் 1988-ல் பிறந்தவர் என்பதற்குமேல் ஏதுமில்லை. 88 என்பது நாஜி ஆதரவாளர்களின் சங்கேத எண் என்று சிலர் கண்டுபிடித்தார்கள். பெண் இப்படி எழுதமாட்டாள், இது ஆணின் எழுத்து என்று சிலர் தீர்ப்பு சொன்னார்கள். தலைப்போடு நிறுத்திக்கொண்டவர்களும் அதில் உண்டு. எழுதியவர் உண்மையில் ஒரு திருநங்கை; அதை வெளியில் சொல்லும் நிலையை அப்போது எட்டியிருக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டதால் ஆசிரியர் நீல் கிளார்க் கதையை எடுத்தார், அவருடைய அனுமதியோடு அவர் யார் என்று விளக்கினார். மனநல சிகிச்சைக்காக ஃபால் மருத்துவமனையில் சேர நேர்ந்ததை அடுத்த ஆண்டு வாக்ஸ் என்ற செய்தித் தளம் விரிவாக எழுதியது. 2021-ல் வேறு தலைப்பில் அந்தக் கதை அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. எழுதியவரின் அடையாளம்தான் எழுத்துக்குச் சான்றிதழ் என்ற எண்ணம், 2015-ல் ஒரு ஏமாற்றுக்காரரைக் கண்டிக்க உதவியது. 2020-ல் யாருக்காகப் பேசுவதாகச் சொன்னதோ அவரையே நசுக்கியது.

விலகுவது இன்னொரு ஆயுதம். 2001-ல் தொடங்கிய ஹோபார்ட், இணையச் சிற்றிதழ்களில் மூத்தவற்றுள் ஒன்று. 2022 இலையுதிர்காலத்தில், அமெரிக்கப் பதிப்புலகம் படித்த வெள்ளைத் தாராளவாதப் பெண்களின் கைப்பிடியில் சிக்கியிருக்கிறது என்று சாடிய அலெக்ஸ் பெரெஸின் நேர்காணலை அது வெளியிட்டது. மற்ற ஆசிரியர்கள் கூட்டாக விலகினார்கள். தங்கள் பழைய கதைகளையும் கவிதைகளையும் எடுத்துவிடச் சொல்லி எழுத்தாளர்கள் கேட்டார்கள். நேர்காணல் செய்த எலிசபெத் எலன் இதழைத் தொடர்ந்தார். ஊதியமில்லாத இடத்தில் வேலைநிறுத்தம் இப்படித்தான் இருக்கும்: உழைப்பை நிறுத்துவதற்குப் பதில் பெயரைத் திரும்பப் பெறுகிறார்கள்.

இத்தனை சண்டைக்கும் நடுவே, சண்டையே இல்லாமல் இதழ்கள் சாவதுதான் அதிகம். எச்டிஎம்எல் ஜயண்ட் என்ற இலக்கியத் தளம் 2008-ல் தொடங்கி, இந்த வட்டத்தின் வம்பும் விமர்சனமும் கூடும் திண்ணையாக இருந்து, 2014-ல் நின்றது. டின் ஹவுஸ் இதழ் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு 2019-ல் நின்றது. 1969 முதல் சிறு பதிப்பகங்களின் புத்தகங்களை விநியோகித்து வந்த ஸ்மால் பிரஸ் டிஸ்ட்ரிப்யூஷன், 2024 மார்ச் இறுதியில் முன்னறிவிப்பின்றி மூடியபோது நூற்றுக்கணக்கான பதிப்பகங்கள் தங்கள் புத்தகங்களும் வரவேண்டிய பணமும் எங்கே என்று தேடின. தி பிலீவர் இதழை 2022-ல் ஒரு டிஜிட்டல் விளம்பர நிறுவனம் வாங்கி, அதன் நற்பெயரைத் தேடுபொறிக்கான தூண்டிலாக்கப் பார்த்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் இதழ் பழைய வெளியீட்டாளரான மெக்ஸ்வீனிஸிடமே திரும்பியது. பெயர்தான் நாணயம் என்பதை எழுத்தாளர்களைவிட அந்த நிறுவனம் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தது.

2023 பிப்ரவரியில் அதே கிளார்க்ஸ்வேர்ல்ட் இன்னொரு செய்தியில் அடிபட்டது. அப்போது வார்த்தைக்கு 12 சென்ட் தந்த இதழ் அது; இந்த உலகத்தில் அது நல்ல விலை. சாட்ஜிபிடியைக் கொண்டு கதை செய்து அனுப்பினால் எளிதாகச் சம்பாதிக்கலாம் என்று இணையத்தில் வழிசொல்பவர்கள் கிளம்பியிருந்தார்கள். அந்த மாதம் 20-ம் தேதிக்குள் இயந்திரம் எழுதிய கதைகள் 500 வந்து குவிந்தன. நீல் கிளார்க் வாசலைச் சாத்தினார். ஆளுக்கு மூன்று டாலர் கட்டணம் போடுங்கள், ஒரே நாளில் இந்தக் கூட்டம் ஓடிவிடும் என்று பலரும் ஆலோசனை சொன்னார்கள். அவர் மறுத்தார். கட்டணம் போட்டால் பணமில்லாதவர்களும், வேறு நாடுகளிலிருந்து டாலரில் கட்ட வழியில்லாதவர்களும் சேர்ந்து வெளியே நிற்பார்கள் என்பது அவர் சொன்ன காரணம். மார்ச்சில், சந்தேகத்துக்குரியவற்றைப் பிரித்துக் காட்டும் சில ஏற்பாடுகளோடு, கட்டணம் இல்லாமலேயே வாசலைத் திரும்பத் திறந்தார். குப்பை இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது; அதை அவர் தரப்பு உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறது.